மூளையைக் கழற்றிவிட்ட மோடம்

2004 ஏப்ரல் கடைசியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை எழுதுபவர்களிடையே ஒரு பூஜ்யத்தை வைத்துச் சண்டை மூண்டது.

கனடாவின் லினக்ஸன்ட் என்ற சிறு நிறுவனம், கோனெக்ஸன்ட் சிப் பொருத்திய மோடம்களுக்கு லினக்ஸ் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) விற்றுக்கொண்டிருந்தது. எந்த டிரைவரும் கர்னலுக்குள் ஏறும்போது தன்னுடைய உரிமம் என்ன என்று அறிவிக்க வேண்டும். 'ஜிபிஎல்' என்று சொன்னால் மூல நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கிறது என்று பொருள். கர்னல் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாத உரிமத்தைச் சொன்னால், 'கறைபட்டது' என்று தன்மீதே ஒரு முத்திரையைக் குத்திக்கொண்டு எச்சரிக்கையும் விடும். லினக்ஸன்ட் டிரைவரின் அறிவிப்பு 'ஜிபிஎல்' என்றுதான் தொடங்கியது. ஆனால் அதை ஒட்டி '\0' என்று ஒரு குறி இருந்தது. அதன் பிறகுதான், ஜிபிஎல் என்பது குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளுக்கு மட்டும்தான், மற்றவற்றுக்கு வேறு உரிமம் என்ற விவரம் வந்தது. அந்தக் குறி ஒரு பூஜ்ய பைட்; கர்னல் எழுதப்பட்ட சி மொழியில் அது வந்துவிட்டால் வாக்கியம் அத்தோடு முடிந்தது என்று கணக்கு. கர்னல் 'ஜிபிஎல்' வரைக்கும் படித்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டது.

கார்ல்-டேனியல் ஹெயில்ஃபிங்கர் என்ற உருவாக்குநர் இதைக் கண்டுபிடித்து, இப்படிப் பொய் சொல்லும் டிரைவர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க ஒரு திருத்தத்தை எழுதி அனுப்பினார். லினக்ஸன்டின் மார்க் பூஷேர் விளக்கம் கொடுத்தார். ஒரே மோடத்துக்குப் பல மாட்யூல்கள் (டிரைவரின் துண்டுகள்) ஏற்ற வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கை வருகிறது, வாடிக்கையாளர்கள் பயந்துபோய் உதவி கேட்டு நச்சரிக்கிறார்கள், அதைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்தோம் என்பது அவருடைய வாதம். நம்பக்கூடிய விளக்கம்தான். ஆனால் எச்சரிக்கை மணி அடிக்கிறது என்பதற்காக மணியின் நாக்கைக் கழற்றுவதைக் கர்னல்காரர்கள் பலர் ரசிக்கவில்லை.

டெலிபோன் கம்பி வழியே இணையத்துக்குப் போகும் வெறும் ஒரு டயல்-அப் மோடத்துக்காக இவ்வளவு தகிடுதத்தம் ஏன்? அதற்குப் பதில் சொல்ல, மோடத்துக்குள் மூளை இருந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தானே யோசித்த பெட்டி

1981-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் டென்னிஸ் ஹேய்ஸின் நிறுவனம் ஸ்மார்ட்மோடம் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. வேகம் விநாடிக்கு 300 பிட். இன்றைக்கு ஒரு வாட்ஸாப் புகைப்படம் அதில் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். ஆனால் அந்தப் பெட்டியின் பெருமை வேகத்தில் இல்லை. உள்ளே சொந்தமாக ஒரு கட்டுப்பாட்டுச் சிப் இருந்தது. கணினி 'ஏடி' என்று தொடங்கும் ஒரு வரியை சீரியல் கேபிள் வழியாக அனுப்பினால் போதும். எண்ணைச் சுழற்றுவது, மறுமுனையோடு பேசி முடிப்பது, இணைப்பு கிடைத்ததும் 'கனெக்ட்' என்று சொல்வது எல்லாம் மோடத்தின் பாடு. இணைப்பு அறுந்தால் 'நோ கேரியர்'.

இந்த ஏடி கட்டளைகளை மற்ற நிறுவனங்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. அதனால் வந்த வசதி பெரியது: எந்தக் கணினி, எந்த இயங்குதளம் என்று மோடம் கேட்பதே இல்லை. சீரியல் போர்ட்டும் எழுத்துகளை அனுப்பத் தெரிந்த ஒரு நிரலும் இருந்தால் ஆயிற்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை எழுத ஆரம்பித்ததே, மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு பேசுவதற்கான ஒரு டெர்மினல் நிரலிலிருந்துதான். அவருடைய மோடத்துக்கு யாரும் டிரைவர் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

1990-களின் நடுவில் கணக்கு மாறியது. பென்டியம் சிப்கள் வந்து, வீட்டுக் கணினியில் பாதி நேரம் சும்மா கிடக்கும் கணக்குத் திறன் குவிந்தது. மோடம் போர்டிலோ இரண்டு விலையுயர்ந்த பாகங்கள்: கட்டளைகளைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுச் சிப், ஒலி அலைகளைப் பிட்டுகளாகவும் பிட்டுகளை ஒலி அலைகளாகவும் மாற்றும் டிஎஸ்பி சிப். இந்த வேலைகளைக் கணினியின் தலையிலேயே கட்டிவிட்டால் என்ன என்று தயாரிப்பாளர்கள் யோசித்தார்கள். யுஎஸ் ரோபோட்டிக்ஸ் தன் தயாரிப்புக்கு 'வின்மோடம்' என்று பெயர் வைத்து வணிகச் சின்னமாகப் பதிவும் செய்தது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: விண்டோஸ் இல்லாவிட்டால் மோடம் இல்லை. பிறகு எல்லா நிறுவனங்களின் இத்தகைய மோடம்களுக்கும் அதுவே பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது.

எல்லாம் ஒரே ரகமும் இல்லை. லூசென்டின் மோடம்களில் டிஎஸ்பி சிப் போர்டிலேயே இருந்தது. கட்டுப்பாட்டு வேலை மட்டும் கணினிக்குப் போனது. பிசிடெல், ஸ்மார்ட் லிங்க் போன்றவை இரண்டையுமே கழற்றிவிட்டன. அவற்றின் போர்டில் மிஞ்சியது, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் ஒரு கோடெக்கும், டெலிபோன் கம்பியோடு பாதுகாப்பாக இணைக்கும் ஒரு சிறு சுற்றும்தான். சொல்லப்போனால், டெலிபோன் சாக்கெட் வைத்த சவுண்ட் கார்டு. மிக்ஸி வாங்கி வந்து திறந்து பார்த்தால் மோட்டாரைக் காணோம், வீட்டில் ஓடும் ஃபேனின் மோட்டாரைப் பயன்படுத்திக்கொள்ளவும், ஆனால் எந்தக் கம்பியை எங்கே பொருத்துவது என்பது கம்பெனி ரகசியம் என்று அட்டையில் எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? கடைக்காரர்கள் அதை 'இன்டர்னல் மோடம்' என்று மட்டும் சொல்லி விற்றார்கள்.

1998 வாக்கில் இன்டெல் ஏஎம்ஆர் என்ற குட்டி ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. மதர்போர்டின் ஏசி'97 ஒலிச் சுற்றோடு மோடத்தையும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. லேப்டாப்களில் இதே யோசனை தீப்பெட்டியைவிடச் சிறிய எம்டிசி அட்டையாக வந்தது. 2000-க்குப் பிறகு வந்த லேப்டாப்பில் டெலிபோன் சாக்கெட் இருந்தால், பின்னால் இருந்தது பெரும்பாலும் மூளையில்லாத மோடம்தான்.

ரகசியம் எங்கே இருந்தது

லினக்ஸில் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லையே, ஒரு மோடம் டிரைவரை எழுதிவிட முடியாதா? பலரும் அன்று கேட்ட கேள்வி இது. டிரைவர் என்ற சொல்லே இங்கே ஆளை ஏமாற்றும். அட்டையோடு பேசும் பகுதி சின்னது. பெரிய வேலை அதற்கு மேலே இருக்கிறது.

டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காக, சுமார் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்காக அமைந்தது. அதற்குள் விநாடிக்கு 33,600 பிட்டைத் திணித்த தரம்தான் வி.34. முதலில் இரண்டு மோடம்களும் பல சுருதிகளில் ஒலி எழுப்பிக் கம்பியின் குணத்தை அளக்கும்; டயல்-அப் காலத்தில் வீடே விழித்துக்கொள்ளும் அந்தக் கீச்சலும் இரைச்சலும் அதுதான். பிறகு கம்பி கெடுத்த ஒலியைச் சரிக்கட்ட வேண்டும். தான் அனுப்பியது தனக்கே எதிரொலியாகத் திரும்புவதை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். 1998-ல் உடன்பாடான வி.90 இன்னும் ஒரு படி போய், தொலைபேசி நிலையத்தின் டிஜிட்டல் பக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது. விநாடிக்கு 8,000 மாதிரிகள், ஒவ்வொன்றிலும் 7 பிட், பெருக்கினால் 56,000. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த '56கே' இதுதான். அமெரிக்காவில் சிக்னலின் ஆற்றலுக்கு வரம்பு இருந்ததால் அங்கே 53,300-க்கு மேல் போகவே போகாது.

தரம் எழுதப்பட்ட ஆவணம்தான். விலை கொடுத்தால் யாரும் படிக்கலாம். அதை ஓடும் நிரலாக்குவதுதான் ஆண்டுக்கணக்கில் உழைப்புக் கேட்டது. அதற்குள் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் வேறு. போதாக்குறைக்கு ஒவ்வொரு நாட்டின் தொலைத்தொடர்பு விதிகளும் மோடத்தைச் சான்று பெறச் சொல்லின. நிரலைத் திறந்துவிட்டால் யாரோ எதையோ மாற்றிக் கம்பியில் விடுவார்கள் என்ற பயம் நிறுவனங்களுக்கு. இந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது, நிறையச் சாக்கும் இருந்தது. சிப்பில் ஒளித்து வைத்திருந்தவரை யாரும் ரகசியத்தைக் கேட்கவில்லை. அதை நிரலாக வெளியே எடுத்து வைத்த நாளிலிருந்துதான் மூடி வைக்க வேண்டியதாயிற்று.

திறந்த வழியில் முயன்றவரும் உண்டு. பிரான்ஸின் ஃபாப்ரிஸ் பெலார்டை இன்று எஃப்எஃப்எம்பெக், கியூஇஎம்யூ என்ற மென்பொருள்கள் இரண்டையும் தொடங்கியவராக உலகம் அறியும். அந்தக் காலத்தில் அவர் 'லின்மோடம்' என்று ஒரு பொதுவான மென்பொருள் மோடத்தை எழுத ஆரம்பித்தார். வி.21, வி.23 போன்ற பழைய, மெதுவான முறைகள் அதில் ஓடின. வி.34-ம் வி.90-ம் முழுமை பெறவில்லை. பெலார்ட் அளவுக்குத் திறமை உள்ளவரே பாதியில் விட்டார் என்றால், வேலையின் கனத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆக மிஞ்சியது ஒரே வழி. நிறுவனங்களிடமிருந்து ரகசியப் பகுதியை மூடிய பைனரியாக வாங்கி, சுற்றிலும் திறந்த நிரலால் பசை போட்டு ஒட்டுவது.

லூசென்ட் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1969-ல் யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகம், ஏடி அண்ட் டி பிரிந்தபோது 1996-ல் லூசென்ட் கைக்குத்தான் வந்தது. யூனிக்ஸின் தாய்வீடே விற்ற மோடம், யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் வாய் திறக்க மறுத்தது. பிற்பாடு பைனரியாக ஒரு டிரைவர் கிடைத்தது. ஆனால் குறிப்பிட்ட ஒரு கர்னலுக்கென்று தொகுத்த பைனரி அடுத்த கர்னலில் ஏறாது. 2.2 போய் 2001-ல் 2.4 வந்தது, 2003 டிசம்பரில் 2.6 வந்தது. ஒவ்வொரு முறையும் தன்னார்வலர்கள் சுற்றியுள்ள பசையைப் புதிதாகக் காய்ச்சினார்கள். உள்ளே இருந்த கட்டியை யாராலும் தொட முடியவில்லை.

இன்டெல் தன் 536, 537 வரிசை மோடம்களுக்கு லினக்ஸ் டிரைவர் தந்தது. ஐபிஎம் திங்க்பேட் 600-ல் இருந்த எம்வேவ் மோடத்துக்கான டிரைவரை ஜிபிஎல் உரிமத்தில் எழுதி, கர்னலோடு சேர்க்கவும் செய்தது. டிஎஸ்பி சிப்புக்குள் ஏற்றும் நிரல் மட்டும் மூடியே இருந்தது. லினக்ஸன்ட் காசு கேட்டது: இலவசமாக எடுத்தால் வேகம் 14.4 கிலோபிட்டோடு நின்றுவிடும், முழு வேகம் வேண்டுமென்றால் சுமார் 15 டாலர். மோடத்தின் விலையில் மிச்சம் பிடித்ததை டிரைவருக்கு மொய் வைப்பது போலத்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: கோனெக்ஸன்ட் மோடம் வைத்திருந்த பலருக்கு வேறு கதி இருக்கவில்லை, அந்த டிரைவர் ஒழுங்காக வேலையும் செய்தது.

ஒரு லேப்டாப்பை எழுப்புவது

இப்படிப் பசை போட்டு ஒட்டிய டிரைவர்களில் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது இஸ்ரேலின் ஸ்மார்ட் லிங்க் நிறுவனம் வெளியிட்ட எஸ்எல்மோடம். 2004-2005 காலத்து லேப்டாப் ஒன்றில் அதை ஓடவைக்க என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று பார்த்தால், அன்றைய லினக்ஸ் பயனரின் பொறுமை புரியும்.

முதலில் ஆள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தால் 'ஏசி'97 மோடம் கன்ட்ரோலர்' என்று ஒரு வரியும், தயாரிப்பாளர் எண்ணாக 8086-ம் வரும். 8086 என்றால் இன்டெல். தன் புகழ்பெற்ற சிப்பின் பெயரையே அடையாள எண்ணாக வாங்கிக்கொண்ட நிறுவனம். புதியவர் இங்கேதான் சறுக்குவார். இன்டெல் மோடம் என்று நினைத்து இன்டெல் டிரைவரைத் தேடிப் போவார். உண்மையில் இன்டெல் கொடுத்தது வழி மட்டுமே. அந்த வழியின் முனையில் எந்தக் கோடெக் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எந்த மென்பொருள் சரிப்படும் என்பதைத் தீர்மானிக்கும். லினக்ஸின் ஆல்சா ஒலி அமைப்பின் விவரக் கோப்புகளைத் திறந்து பார்த்தால் சிலிக்கான் லேப்ஸ், கோனெக்ஸன்ட், அகீர் என்று உண்மைப் பெயர் வெளிவரும். இந்தத் துப்பறியும் வேலைக்காகவே 'ஸ்கேன்மோடம்' என்று ஒரு ஸ்கிரிப்ட் புழக்கத்தில் இருந்தது.

சிலிக்கான் லேப்ஸ் என்று வந்தால் அதிர்ஷ்டம். எஸ்எல்மோடமின் 2.9 வரிசைத் தொகுப்பை இறக்கிப் பிரித்தால் சி நிரல்கள் நிறைய இருக்கும், நடுவில் 'டிஎஸ்பிலிப்ஸ்.ஓ' என்று ஒரே ஒரு மூடிய கோப்பு. வி.34, வி.90, எதிரொலிக் கழிப்பு எல்லாம் அதற்குள். தொகுத்து முடித்து, நாட்டின் பெயரையும் ஆல்சா வழியாகப் போகச் சொல்லும் குறிப்பையும் கொடுத்து எஸ்எல்மோடம்டி என்ற பின்னணி நிரலை ஓட்டினால், 'டிடிஒய்எஸ்எல்0' என்ற பெயரில் ஒரு போலி சீரியல் போர்ட் முளைக்கும். அதைத் திறந்து 'ஏடி' என்று தட்டினால் 'ஓகே' என்று பதில் வரும். 1981-ன் ஹேய்ஸ் பெட்டி செய்ததை, அந்தப் பெட்டி இல்லாமலேயே ஒரு நிரல் நடிக்கிறது.

ஓகே வந்ததும் வேலை முடிந்துவிடாது. டயல் செய்யும் விவிடயல் நிரல், இணைப்பு ஏற்படும்போது சீரியல் கம்பியில் கேரியர் சமிக்ஞை இருக்கிறதா என்று பார்க்கும். போலி போர்ட்டில் அது இருக்காது. ஆகவே அமைப்புக் கோப்பில் 'கேரியர் செக்' என்பதை 'நோ' என்று மாற்ற வேண்டும். இந்திய டயல் டோனைப் பல மோடம்கள் டோனாகவே மதிக்காமல் 'நோ டயல்டோன்' என்று அடம்பிடித்தன; தொடக்கக் கட்டளையில் 'எக்ஸ்3' சேர்த்தால் டோனுக்குக் காத்திருக்காமல் எண்ணைச் சுழற்றும். இணைப்பு வந்து இரண்டு நிமிடத்தில் அறுந்தால், சிபியுவுக்கு வேலை வைக்காமல் தகவலை நகர்த்தும் டிஎம்ஏ வசதி ஹார்ட் டிஸ்க்குக்கு முடுக்கிவிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோடத்துக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்? ஒலி மாதிரிகள் சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை கணக்கிடப்பட்டே ஆக வேண்டும். டிஸ்க் படிக்கும் வேலையில் சிபியு மூழ்கிவிட்டால் மறுமுனை மோடம் செத்துவிட்டதாக நினைத்து விடைபெற்றுக்கொள்ளும். மூளையைக் கடன் வாங்கிய மோடத்துக்கு, கடன் கொடுத்தவர் வேறு வேலை பார்க்கும்போதெல்லாம் தலைசுற்றல்தான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை வேறொன்று. இந்தத் தொகுப்பு இணையத்தில் இருந்தது. இணையத்துக்குப் போக மோடம் வேண்டும். மோடம் எழ இந்தத் தொகுப்பு வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் 2005-லிருந்து ஷிப்இட் திட்டத்தில் கேட்டவருக்கெல்லாம் இலவசமாக சிடியைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தது. நிறுவினால், நிரல் தொகுக்கும் கருவிகள் இயல்பாக அதில் நிறுவப்பட்டிருக்காது. ஒரே கணினியில் விண்டோஸையும் வைத்துக்கொண்டு, அதில் இறக்கி, லினக்ஸுக்கு மாறித் தொகுத்து, பிழை வந்தால் அந்த வரியைத் தாளில் எழுதிக்கொண்டு மறுபடி விண்டோஸுக்கு ஓடி விடை தேடியவர்கள்தான் பலர். மற்றவர்களுக்கு பிரவுசிங் சென்டரும் ஃபிளாப்பியும்.

மீட்டர் ஓடிய ஊரில்

இந்தியாவில் வின்மோடம் வெறும் தொழில்நுட்பத் தொல்லையாக இருக்கவில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொது மக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியது. 1998-ல் தனியாருக்கு அனுமதி கிடைத்ததும் சென்னையின் சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் நிறுவனங்களில் ஒன்றாகக் களமிறங்கியது. இணைய மணிக்கணக்குக்கு ஒரு காசு, டெலிபோன் கால் கணக்குக்கு இன்னொரு காசு என்று இரட்டை மீட்டர் ஓடிய காலம். லினக்ஸ் மட்டும் கைக்கு எளிதாகவே வந்தது: பிசி குவெஸ்ட் இதழ் 1990-களிலேயே சிடியாக இணைத்துக் கொடுத்தது, சென்னையில் 1998-லிருந்து இயங்கும் லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. ஆக சிடி இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார்கள். வீட்டுக்குப் போய் நிறுவிய பிறகு இணையம் மட்டும் இல்லை.

சாமர்த்தியமான தீர்வு ஒன்று உண்டு: வெளியே வைக்கும் சீரியல் மோடம் வாங்குவது. அதில் மூளை உள்ளேயே இருக்கும்; எந்த டிரைவரும் வேண்டாம். அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொன்ன முதல் அறிவுரையும் அதுதான். ஆனால் அது உள்மோடத்தைவிடப் பல மடங்கு விலை. இலவச இயங்குதளத்தை நாடி வந்தவரிடம் போய் விலை கூடிய மோடத்தை வாங்கு என்பது நல்ல யோசனைதான். கேட்கிற நிலையில் பலர் இல்லை. 'லினக்ஸ் சரிப்படாது' என்ற பேச்சு ஊரில் பரவியதற்கு லினக்ஸ் காரணமில்லை, பயனரின் அறியாமையும் காரணமில்லை. தயாரிப்பாளர் சில டாலர்களை மிச்சம் பிடித்த அட்டை அது. பழி மட்டும் இயங்குதளத்தின் மேல் விழுந்தது.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் அகலக்கற்றை வந்தது. ஏடிஎஸ்எல் பெட்டியை நெட்வொர்க் கேபிளால் இணைத்தால் லினக்ஸ் உடனே இணையத்தில். அப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடியதே லினக்ஸ்தான் என்பது பலருக்குத் தெரியாது. மோடத்துக்கு மூளை திரும்பி வந்தபோது அந்த மூளையில் லினக்ஸ் குடியேறியிருந்தது.

எது பிழைத்தது

பத்து ஆண்டுகள் நடந்த இந்த இழுபறியில் ஒரு தெளிவான பாடம் இருக்கிறது, பலரும் பேசாதது. மூடிய நிரலைக் கர்னலுக்குள் வைத்த டிரைவர்கள் எல்லாம் செத்துப்போயின. கர்னல் மாறினால் செத்தன, கம்பைலர் பதிப்பு மாறினால் செத்தன, 64-பிட் வந்தபோது கூட்டமாகச் செத்தன. எஸ்எல்மோடம் பிழைத்ததன் காரணம், ஒரு கட்டத்தில் அதன் ரகசியப் பகுதி கர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக வந்துவிட்டதுதான். உருவாக்குநர் சாஷா கப்யோர்ஸ்கி, மோடத்தின் கோடெக்கை ஒரு சவுண்ட் கார்டாகவே நடத்தும் திறந்த டிரைவர்களை ஆல்சாவுக்கு எழுதினார். அந்தத் திறந்த பகுதி கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டதால், கர்னல் மாறும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து பராமரிக்கப்பட்டது. மூடிய 32-பிட் கட்டி வெளியே தனியாக, 64-பிட் கணினியிலும் ஓடியது. லூசென்ட் மோடத்துக்கும் பின்னர் இதே வழியில் 'மார்ஷியன்' என்ற டிரைவர் வந்தது. கர்னலில் மெல்லிய திறந்த பகுதி, வெளியே பழைய பைனரி. ரகசியத்தை ஒழிக்க முடியாத இடத்தில் அதை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். அந்த '\0' தந்திரத்தைவிட இது எவ்வளவோ கௌரவமான சமரசம்.

வைஃபை அட்டைகளில் இந்தக் கதை மறுபடி ஓடியது. விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் மாட்டும் என்டிஐஎஸ்ராப்பர் வந்தது; பிராட்காம் சிப்களைப் பின்னோக்கி ஆராய்ந்து டிரைவர் எழுதினார்கள்; 2010-ல் பிராட்காமே திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. என்விடியா தன் கிராஃபிக்ஸ் கர்னல் மாட்யூல்களைத் திறக்க 2022 மே வரை ஆயிற்று. இன்றைக்கு நம் சட்டைப்பையில் உள்ள ஃபோனில் ஆண்ட்ராய்டு லினக்ஸ் மேல்தான் நிற்கிறது. ஆனால் செல்பேசிக் கோபுரத்தோடு பேசும் மோடம் பகுதியின் நிரல் மூடியேதான் இருக்கிறது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று ஃபோனின் சொந்தக்காரர் பார்க்க வழியில்லை.

திறந்த பக்கத்திலும் வேலை நின்றுவிடவில்லை. ஸ்டீவ் அண்டர்வுட் எழுதிய ஸ்பேன்டிஎஸ்பி நூலகம், ஃபேக்ஸ் தரங்களையும் சில பழைய மோடம் தரங்களையும் முழுத் திறந்த நிரலாகத் தந்தது; ஆஸ்டரிஸ்க் போன்ற தொலைபேசி மென்பொருள்களில் அது ஓடுகிறது.

2021-ல் ஏயான் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 'டி-மோடம்' என்ற ஒன்றை வெளியிட்டார்கள். டயல்-அப் மோடத்தை நம்பியிருக்கும் பழைய தொழிற்சாலைக் கருவிகளையும் அமைப்புகளையும் சோதிக்க அவர்களுக்கு ஒரு மோடம் தேவைப்பட்டது. டெலிபோன் கம்பியோ கையில் இல்லை. அவர்கள் எஸ்எல்மோடமை எடுத்து, அட்டைக்குப் போக வேண்டிய ஒலி மாதிரிகளை இணையத் தொலைபேசி அழைப்புக்குள் திருப்பிவிட்டார்கள். கோடெக் இல்லை, சாக்கெட் இல்லை, கம்பி இல்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்த டிஎஸ்பிலிப்ஸ் கோப்பு மட்டும் இருக்கிறது. மறுமுனையில் அசல் மோடம் எடுத்துப் பேசுகிறது. அட்டையிலிருந்து முதலில் மூளை போனது, இப்போது அட்டையும் போய்விட்டது.

2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் சேவையை நிறுத்தியது. டிஎஸ்பிலிப்ஸ் கோப்பின் மூல நிரலை ஸ்மார்ட் லிங்க் திறந்து வெளியிடவே இல்லை. சந்தை முடிந்து, வியாபார ரகசியம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லாத நிலையிலும், அந்த ஒரு கோப்புக்குள் இருப்பதை இயக்கத்தான் முடிகிறது, படிக்க முடியவில்லை. பழைய லேப்டாப்பை லினக்ஸோடு பரணிலிருந்து இறக்குபவர்கள், டெலிபோன் சாக்கெட்டை நம்பாமல், சீரியல் போர்ட் வைத்த வெளி மோடம் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே இன்றும் நல்லது.